பழைய வீடியோ கசெட்டை எறிந்துவிடாதீர்கள்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் எந்த லயத்துக்குப் போனாலும், அலுமாரிக்கு மேலே பொலித்தீன் பையில் சுற்றிய இரண்டு மூன்று வீடியோ கசெட்டுகளைக் காண்கிறேன். கலியாணம், பெரியபிள்ளைச் சடங்கு, கோயில் திருவிழா, இறந்த வீடு என்று எல்லாம் அவற்றில் இருக்கின்றன. ஆனால் போட்டுப் பார்க்க டெக் இல்லை. எங்காவது ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டாலும் நீலத் திரையோ வெறும் புள்ளிகளோதான் தெரிகின்றன. "இது பழுதாப் போச்சு" என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும். கசெட் குப்பைக்குப் போய்விடுகிறது.

யுத்தத்தால் பாதிக்கப்பட்ட சகோதரிகளுக்கு இது சிறிய இழப்பு அல்ல. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத் தோட்டங்களிலிருந்து பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறின. 2002 இல் யுத்தநிறுத்தம் வந்து ஏ-9 பாதை திறந்தபோது, அங்கிருந்தவர்கள் உறவினரைப் பார்க்க இங்கே வந்தார்கள். சிலர் கலியாணக் கசெட்டின் பிரதியையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். 2009 இல் வன்னியிலிருந்து வெளியேறியவர்கள் உடுத்த உடையோடு வந்தார்கள். அல்பமும் கசெட்டும் அங்கேயே போயின. இன்று சில குடும்பங்களுக்கு இங்கே லயத்தில் கிடக்கும் பிரதி மட்டுமே மிச்சம்.

ஏன் இப்போதே செய்ய வேண்டும்?

வி.எச்.எஸ். கசெட்டை ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976 இல் அறிமுகம் செய்தது. அதை ஓட்டும் டெக்கைக் கடைசிவரை தயாரித்து வந்த ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இனிப் பழைய டெக்கைத் திருத்தித்தான் ஓட்ட வேண்டும். காந்த நாடாக்களை வழமையான முறையில் பிரதி எடுக்கும் வசதி 2025 அளவில் உலகெங்கும் அற்றுப்போகக்கூடும் என்று யுனெஸ்கோவும் ஒலி, ஒளிக் காப்பகங்களின் சர்வதேச சங்கமும் 2019 இல் எச்சரித்தன.

கசெட்டுக்குள் இருப்பது அரை அங்குல அகலமான பிளாஸ்டிக் நாடா. அதன்மேல் காந்தத் தூள் ஒருவகைப் பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. ஈரம் பட்டால் அந்தப் பசை இளகும், பூஞ்சணமும் பிடிக்கும். எமது பகுதியின் மழையும் ஈரக் காற்றும் கசெட்டுக்குப் பெரிய எதிரிகள்.

"ஒண்ணுமே இல்லைன்னு சொல்லிட்டாங்க"

கேகாலை மாவட்டத் தோட்டமொன்றில் பால் வெட்டும் ஓர் அக்கா தன்னிடமிருந்த கசெட்டை என்னிடம் கொண்டுவந்தார். "மிஸ், டவுன்ல கடையில போட்டுப் பாத்துட்டு ஒண்ணுமே இல்லைன்னு சொல்லிட்டாங்க. தங்கச்சி வீட்டுக்காரர் முகம் இதுல மட்டுந்தான் இருக்கு" என்றார். தங்கையின் கணவர் 2009 இல் காணாமற்போனவர். தங்கை கொடுத்த மனுக்களில் ஒன்றுடனாவது இணைக்க அவரது படம் இருக்கவில்லை.

இரவல் டெக் ஒன்று, கணனி ஒன்று, இரண்டையும் இணைக்கும் யூ.எஸ்.பி. பதிவுக் கருவி ஒன்று, மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகள் கொண்ட வயர் ஒன்று. எங்களிடம் இருந்தவை இவ்வளவே.

போடுவதற்கு முன்

கசெட்டின் கண்ணாடி வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளைத் தூள் படிந்திருந்தால் அது பூஞ்சணம். அதை டெக்கில் போடவே கூடாது. பூஞ்சணம் டெக்குக்குள் பரவி, அடுத்து போடும் கசெட்டுக்கும் போகும். அதைத் தனிப் பையில் வைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். வெயிலில் காயவைக்க வேண்டாம்.

கசெட்டின் முதுகுப் பக்க ஓரத்தில் சிறிய பிளாஸ்டிக் நாக்கு இருந்தால் அதை உடைத்துவிடுங்கள். பதிவுப் பொத்தானில் தவறுதலாகக் கை பட்டாலும் பழைய படம் அழியாது. பிறகு முதலில் வேறு வேண்டாத கசெட் ஒன்றைப் போட்டு, டெக் நாடாவைக் கடிக்கிறதா என்று பாருங்கள்.

கோளாறும் வழியும்

*டெக் ஓட மறுத்தால்:* குளிர்ந்த இடத்திலிருந்து கொண்டுவந்த டெக்கின் உள்ளே ஈரம் படிந்திருக்கலாம். பல டெக்குகள் ஈரத்தை உணர்ந்தால் தாமாகவே நின்றுவிடும். டெக்கையும் கசெட்டையும் உலர்ந்த அறையில் ஒரு நாள் வைத்திருங்கள்.

*நீலத் திரை வந்தால்:* தொலைக்காட்சிப் பெட்டியில் ஏ.வி. என்ற இடம் தெரிவு செய்யப்பட்டிருக்கிறதா, மஞ்சள் வயர் டெக்கின் வெளியீட்டுத் துளையில் இருக்கிறதா என்று பாருங்கள். படம் மிக மங்கலாக இருந்தாலும் சில டெக்குகள் அதை மறைத்து நீலத்தைக் காட்டும்.

*குறுக்கே கோடு ஓடினால்:* டெக்கில் உள்ள 'ட்ராக்கிங்' பொத்தானை மெதுவாகக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள்.

*திரை முழுவதும் புள்ளியாக இருந்தால்:* பெரும்பாலும் டெக்கின் 'ஹெட்' அழுக்காக இருக்கும். மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஐசோபுரொப்பைல் அற்ககோலில் நனைத்த, நூல் பிரியாத மெல்லிய துணியை உருளையின் பக்கத்தில் அசையாமல் பிடித்து, மறு கையால் உருளையைச் சுற்ற வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும். பழக்கமில்லாதவர்கள் திருத்துநரிடம் கொடுப்பதே நல்லது.

*தொலைக்காட்சியில் படம் வந்து கணனியில் வராவிட்டால்:* மென்பொருளில் சரியான உள்ளீடு தெரிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து 'பால்' முறை. இலங்கைக் கசெட்டுகள் இந்த முறையில் பதிவானவை. கனடாவிலிருந்து உறவினர் அனுப்பிய கசெட் என்றால் அது என்.ரி.எஸ்.சி. முறை, அதற்கேற்ற டெக்கும் தேவை. முறை மாறினால் படம் கறுப்பு வெள்ளையாகும் அல்லது உருளும். எல்லாம் சரியாக இருந்தும் படம் விட்டு விட்டு வந்தால், பழைய டி.வி.டி. ரெக்கோடர் ஒன்றை டெக்குக்கும் கருவிக்கும் இடையில் இணைத்துப் பாருங்கள். அவற்றில் சில தள்ளாடும் படத்தைச் சீராக்கி அனுப்பும்.

*சத்தம் வராவிட்டால்:* பழைய டெக்குகள் பலவற்றில் ஒலிக்கு ஒரே துளைதான். அதில் வெள்ளை வயரைச் செருகுங்கள். கணனியின் ஒலிப்பதிவு இடத்தில் அந்தக் கருவியின் பெயர் தெரிவாக வேண்டும்.

*உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கமாகப் போனால்:* கணனி திணறுகிறது. மற்ற மென்பொருள்களை மூடுங்கள். பென் ட்ரைவில் நேரே பதியாமல் கணனிக்குள்ளேயே பதியுங்கள். அரைமணித் துண்டுகளாகப் பதிந்தால் பிழை சிறியதாக நிற்கும்.

அந்தக் கசெட்டில் இருந்தது

நாங்கள் இந்த ஒழுங்கில்தான் பார்த்தோம். ஹெட்டைச் சுத்தம் செய்ததும் தொலைக்காட்சியில் மங்கலாகப் படம் வந்தது. கணனியில் வரவில்லை. டி.வி.டி. ரெக்கோடரை இடையில் இணைத்த பிறகு வந்தது. நாடாவின் தொடக்கப் பகுதி போய்விட்டது. மீதியில் ஏறத்தாழ நாற்பது நிமிடம் கிடைத்தது. தாலி கட்டும் இடம் அதில் இருந்தது.

கிளிநொச்சியிலிருந்து தங்கை வந்தபோது உடனே போட்டுக் காட்டவில்லை. பார்க்க விருப்பமா, யார் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டோம். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் சத்தமில்லாமல் பார்த்தார். பிறகு சத்தத்தோடு பார்த்தார். கணவர் நேரே திரும்பிப் பார்க்கும் இடத்தை நிறுத்தி, அதைப் புகைப்படமாக அச்சிட்டுக் கொடுத்தோம். அடுத்த மனுவில் இணைக்க இரண்டு பிரதிகள் கூடுதலாகக் கேட்டு வாங்கிப் போனார்.

காணாமற்போன ஒருவர் திடீரென்று திரையில் சிரித்துப் பேசுவதைப் பார்ப்பது எளிதல்ல. பிள்ளைகளோடும் முதியவர்களோடும் முன்கூட்டியே பேசுங்கள். தனியாகப் பார்க்க வேண்டாம்.

பத்திரமாக வைத்திருங்கள்

கடையில் பிரதி எடுத்தால் முடிந்தவரை அருகில் இருங்கள். அங்கே பிரதி தங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பெண்பிள்ளைகளின் சடங்குப் படத்தையும், மற்றவர் முகம் உள்ள படத்தையும் அவர்கள் சம்மதமில்லாமல் முகநூலில் போடாதீர்கள்.

மூன்று மணி நேரக் கசெட்டைப் பதிய மூன்று மணி நேரம் வேண்டும், அவசரப்பட வேண்டாம். எடுத்த பிரதியை ஒரே பென் ட்ரைவில் மட்டும் வைக்காதீர்கள். மூன்று பிரதிகளாவது எடுத்து, ஒன்றை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுங்கள். பிரதி எடுத்த பின்னும் மூலக் கசெட்டை உலர்ந்த இடத்தில், புத்தகம் போல் நிமிர்த்தி வையுங்கள்.

தோட்டத்துத் திருவிழா, தொழிற்சங்கக் கூட்டம் போன்ற பொதுப் பதிவுகள் இருந்தால் அவை ஒரு சமூகத்தின் வரலாறு. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் ஆவணங்களைச் சேர்த்துவருகிறது; அவர்களிடமும் கேட்டுப் பார்க்கலாம்.

சகோதரிகளே, படம் வராத கசெட் எல்லாம் செத்த கசெட் அல்ல. பல வேளைகளில் பிழை டெக்கில், வயரில், ஒரு பொத்தானில் இருக்கிறது. ஒருவர் "ஒன்றுமில்லை" என்று சொன்னால் இன்னொரு டெக்கில் போட்டுப் பாருங்கள். இந்த மழைக்காலம் தொடங்குமுன் அலுமாரிக்கு மேலே உள்ள பையை ஒருமுறை இறக்கிப் பாருங்கள்.