ஒத்திப் போட்டார்கள், புற்று ஒத்துக்கொண்டதா?

2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. ரயில் நின்றது, பஸ் நின்றது, ஆலைச் சங்கும் நின்றது. ஆனால் தோழர்களே, மார்பிலும் வாயிலும் குடலிலும் வளர்ந்துகொண்டிருந்த புற்றுக் கட்டி நிற்கவில்லை. ஊரடங்கு உத்தரவு அதன் கைக்குப் போய்ச் சேரவில்லை போலும்!

அந்த மாதங்களில் உலகெங்கும் ஆஸ்பத்திரிகள், நாள் குறித்து வைத்திருந்த அறுவைச் சிகிச்சைகளை ஒத்திப் போட்டன. "பிறகு வா" என்றால் பத்திரம் என்று பொருளாம். அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. அறுவையை ஒட்டிய நாட்களில் கொரோனா கண்ட 1,128 நோயாளிகளை 24 நாடுகளில் கணக்கெடுத்தார்கள். முப்பது நாளுக்குள் நூற்றுக்கு ஏறத்தாழ 24 பேர் மாண்டனர். நாலில் ஒருவர்! எந்த டாக்டருக்குத்தான் கை நடுங்காது?

ஆனால் நாம் கேட்கிறோம்: கொன்றது கத்தியா, கிருமியா? கிருமியென்றால், கிருமியை அல்லவா வெளியே நிறுத்த வேண்டும்? நோயாளியை ஏன் நிறுத்தினார்கள்?

மும்பை டாடா நினைவு மருத்துவமனை நோயாளியை நிறுத்தவில்லை. 2020 மார்ச் 23 முதல் ஏப்ரல் 30 வரை, ஊரடங்கின் நடுவே, 494 புற்றுநோய் அறுவைகளைச் செய்தது. பிறகு ஆறு பேருக்குக் கொரோனா கண்டது. ஆறு பேரும் தேறினர். முப்பது நாளுக்குள் இறந்தவர் எத்தனை பேர்? ஒருவரும் இல்லை! அவர்களில் முதியவர்கள் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறோம். மறைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை.

55 நாடுகளில், கொரோனா அறிகுறி இல்லாமல் புற்றுநோய் அறுவைக்கு வந்த 9,171 பேரைக் கவனித்த ஆய்வும் உண்டு. அறுவைக் கூடம், தீவிர சிகிச்சை, படுக்கை வார்டு மூன்றையும் கொரோனாக்காரர் நடமாடாதபடி தனியே பிரித்த இடங்களில், நுரையீரல் கோளாறு கண்டவர் நூற்றுக்கு 2.2. பிரிக்காத இடங்களில் 4.9. தனிக் கதவும் தனி வார்டும் செய்த வேலை இது. மந்திரமா, மாயமா?

இனி மறுபக்கம். 61 நாடுகளில் 20,006 பேர் அறுவைக்குக் காத்திருந்ததை ஆராய்ந்தார்கள். முழு ஊரடங்கு இருந்த இடங்களில் நூற்றுக்கு 15 பேருக்கு, மாதங்கள் உருண்டும் அறுவை நடக்கவில்லை. நம் நாட்டில் 41 புற்றுநோய் நிலையங்களில், 2019 மார்ச் முதல் மே வரை புதிதாகப் பதிந்தவர்கள் 1,12,270 பேர். 2020இல் அதே மூன்று மாதங்களில் 51,760. பெரிய அறுவைகள் 17,120இலிருந்து 8,677 ஆயின.

அறுபதாயிரம் பேர் எங்கே போனார்கள்? நோய் விட்டுவிட்டதா? கார் வைத்திருந்தவன் அனுமதிச் சீட்டு வாங்கிப் போய்ச் சேர்ந்தான். மூன்றாம் நாள் கூலி போனாலே அடுப்பு அணையும் வீட்டுக்காரன், ஓடாத ரயிலுக்காகத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

உங்கள் ஊர் பெரிய ஆஸ்பத்திரியில் அறுவைக் கூடத்துக்குத் தனி வழி இருக்கிறதா, காய்ச்சல் வார்டைத் தாண்டித்தான் போக வேண்டுமா? இந்த வாரமே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.