ஒளியின் இரட்டிப்பும் பிளவும்: நேரியலற்ற ஒளியியலிலிருந்து குவாண்டம் ஃபோட்டானியல் வரை

முன்னுரை

கண்ணாடியினுள் புகும் சிவப்பு ஒளி சிவப்பாகவே வெளிவருகிறது. ஒளியின் மின்புலத்திற்கு நேர்விகிதத்தில் ஊடகத்தின் மின்முனைவாக்கம் அமைவதே இதற்குக் காரணமாகும். மின்புலம் மிக வலிமையடையும்போது இந்நேர்விகிதம் பிறழ்கிறது. அப்பிறழ்வின் விளைவுகளை ஆராயும் துறையே நேரியலற்ற ஒளியியல். குவாண்டம் ஃபோட்டானியலில் பயன்படும் ஒளிமூலங்கள் பலவற்றின் ஆற்றலும் வரம்பும் இத்துறையிலிருந்தே பிறந்தன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒளியின் இரட்டிப்பு

1960இல் முதல் லேசர் இயங்கியது. அடுத்த ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஃபிராங்கன் குழுவினர், 694.3 நானோமீட்டர் அலைநீளமுடைய ரூபி லேசர் ஒளியைக் குவார்ட்சுப் படிகத்தில் செலுத்தினர். அதன் பாதி அலைநீளமுடைய புறஊதா ஒளியும் உடன் வெளிப்பட்டது. இரு ஃபோட்டான்கள் இணைந்து இருமடங்கு ஆற்றலுடைய ஒரு ஃபோட்டானாகும் இந்நிகழ்வு இரண்டாம் சீரிசை ஆக்கம் எனப்படும். சமச்சீர் மையமற்ற படிகங்களிலேயே இது இயல்பாக நிகழும். அன்று கிடைத்த புறஊதா ஒளி மிக மிக மங்கலானது. ஆய்விதழில் அச்சாகும்போது, ஒளிப்படத்திலிருந்த அதன் புள்ளி தூசியெனக் கருதப்பட்டு நீக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது.

ஒளியின் பிளவு

இதன் மறுதலை நிகழ்வும் உண்டு. ஓர் உயர் ஆற்றல் ஃபோட்டான் படிகத்தினுள் இரண்டாகப் பிளவுறலாம். எடுத்துக்காட்டாக, 400 நானோமீட்டர் ஃபோட்டான் ஒன்று 800 நானோமீட்டர் ஃபோட்டான்கள் இரண்டாகலாம். இப்பிளவைத் தூண்டுவது வெற்றிடத்தின் குவாண்டம் அலைவு. எனவே மரபு இயற்பியல் இதனை விளக்க இயலாது. இவ்விரு ஃபோட்டான்களும் ஒரே கணத்தில் பிறப்பதை 1970இல் பர்ன்ஹாம், வெயின்பெர்க் ஆகியோர் சோதனையால் காட்டினர். இதனால் ஒன்றைக் கண்டறிந்தால் மற்றொன்றின் இருப்பு உறுதியாகிறது. வேறுபடுத்த இயலாத இரு ஃபோட்டான்கள் ஒளிப்பகுப்பியில் சந்தித்தால் ஒரே பக்கமாக வெளியேறும் என்பதை 1987இல் ஹாங், ஓ, மாண்டல் ஆகியோர் நிறுவியதும் இத்தகைய இணைகளைக் கொண்டே. ஒளிவழிக் குவாண்டம் கணிப்புக்கு அதுவே அடித்தளமாயிற்று.

நிகழ்தகவின் தடை

இணை எப்போது பிறக்கும் என்பதை முன்கூட்டிக் கூற இயலாது. ஒரு லேசர்த் துடிப்பில் ஓர் இணை பிறக்கும் நிகழ்தகவு 100இல் 1 எனக் கொள்வோம். ஈரிணை பிறக்கும் நிகழ்தகவு ஏறத்தாழ 10,000இல் 1 ஆகும். அதாவது கிடைப்பவற்றுள் நூற்றில் ஒரு பங்கு பிழையுடையது. லேசரின் திறனைக் கூட்டி முதல் நிகழ்தகவை 10இல் 1 ஆக்கினால் பிழையும் பத்தில் ஒரு பங்காகிறது. திறனைக் குறைத்தாலோ காத்திருப்பு நீள்கிறது. நூற்றில் ஒன்று என்ற நிகழ்தகவுடைய ஆறு மூலங்கள் ஒரே துடிப்பில் இணைகளைத் தர வேண்டுமெனில், நொடிக்கு 8 கோடி துடிப்புகள் இருந்தாலும் ஒருமுறை நிகழச் சராசரியாக ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் ஆகும். ஒளி இழப்பைக் கணக்கிட்டால் இக்காலம் மேலும் கூடும்.

முடிவுரை

பல மூலங்களை அருகருகே அமைத்து, வெற்றி பெற்ற மூலத்தின் ஃபோட்டானை மட்டும் விரைவு ஒளி இணைப்பு மாற்றியால் தேர்ந்தெடுப்பது ஒரு தீர்வு. ஆனால் மாற்றி ஒவ்வொன்றும் சிறிதளவு ஒளியை இழக்கச் செய்கிறது. தூண்டும்போதெல்லாம் ஒரு ஃபோட்டானைத் தரவல்ல குவாண்டம் புள்ளிகள் மற்றொரு வழி. அங்கு வெவ்வேறு புள்ளிகளின் ஃபோட்டான்களை ஒத்தவையாக்குவது கடினம். எனவே பிரகாசமான மூலத்தைத் தேடுவது மட்டும் போதாது. ஒளி இழப்பைக் குறைப்பதும் ஃபோட்டான்களின் ஒப்புமையைக் காப்பதும் இத்துறை ஆய்வின் மையச் சிக்கல்களாக உள்ளன எனலாம்.