லேசருக்கு முன் மாத்திரை அட்டை

முகம் கருத்தால் மலேசியாவின் தங்கா பத்து ஊரில் முதல் பழி வெயிலுக்குத்தான். கடலோர வெயில், பாவம், எல்லாவற்றையும் சுமக்கிறது. விழுங்கிய மாத்திரையும் பூசிய கிரீமும் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

மருந்தால் வரும் கருமை ஒரே வகையல்ல. பருவுக்காக மாதக்கணக்கில் மினோசைக்ளின் சாப்பிட்டால் பழைய தழும்புகளிலும் முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்திலும் நீலச் சாம்பல் படியலாம். மருந்தும் இரும்பும் சேர்ந்த துகள்கள் தோலுக்குள் தங்கிவிடுகின்றன. வலி மாத்திரை போடும்போதெல்லாம் அதே இடம் வட்டமாகச் சிவந்து கருத்தால், அது ஒவ்வாமை. அந்த மாத்திரையை விடாமல் லேசர் செய்வது, கூரை ஒழுகும்போது சுவருக்குச் சாயம் அடிக்கிற கதைதான்.

லேசரின் சூத்திரத்தை 1983-இல் அமெரிக்க மருத்துவர்கள் ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் விளக்கினார்கள். எந்த நிறத்தை உடைக்க வேண்டுமோ, அது உறிஞ்சும் ஒளியைப் பாய்ச்ச வேண்டும். சூடு பக்கத்துத் தோலுக்குப் பரவுமுன் நிறுத்திவிட வேண்டும். நொறுங்கிய துகள்களை உடலே மெல்ல அப்புறப்படுத்தும். சிக்கல் நம் நிறத்தில். மெலனினும் அந்த ஒளியைக் குடிக்கும். 694 நானோமீட்டர் ரூபி லேசர் வெள்ளைக்காரர் தோலில் மினோசைக்ளின் கறையை எடுத்துவிடும். கறுத்த தோலில் கொப்புளமும் வெள்ளைப் புள்ளியும் விட்டுப்போகலாம். மெலனினை அவ்வளவாகச் சீண்டாமல் ஆழமாக இறங்கும் 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் நமக்குக் கொஞ்சம் பாதுகாப்பானது. அதையும் முதலில் சிறு இடத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

தங்கா பத்து என்றால் மலாயில் கல்படி. தங்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்தக் காலத்தில் மூட்டுவாதத்துக்குத் தங்க உப்பு ஊசி போட்டுக்கொண்டவர்களின் தோலில் நிஜமாகவே தங்கம் இருக்கும். மேலே சொன்ன வகை லேசர் பட்டால் பட்ட இடம் அப்போதே கருநீலமாகிவிடும். கறையை எடுக்கப் போய்க் கறை வாங்கி வந்த கதை! ஊசி போட்டுப் பல ஆண்டு கழித்தும் இப்படி நடந்திருக்கிறது.

இங்கே பெரிய தலைவலி, பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையிலும் கைப்பேசியிலும் விற்கும் வெளுப்பு கிரீம்கள். ஹைட்ரோகுயினோன், டிரெட்டினோயின், பாதரசம் கலந்திருந்ததற்காக நாட்டின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு பல கிரீம்களைத் தடுத்திருக்கிறது. ஹைட்ரோகுயினோனை நெடுநாள் பூசினால் தோல் நீலக்கருப்பாகலாம். 1975-இலேயே தென்னாப்பிரிக்காவிலிருந்து இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். கருக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் அப்புவார்கள், அங்கேதான் வினை. லேசரும் இந்தக் கருமையிடம் சில நேரம்தான் ஜெயிக்கிறது.

மலேசியாவில் லேசர் சிகிச்சை பதிவுபெற்ற மருத்துவரின் வேலை. அழகு நிலையத்தின் வேலை அல்ல. அரசு கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். இதயத்துக்கான அமியோடரோனும் தோலைச் சாம்பலாக்கும். அதற்காக நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சாப்பிடும் மாத்திரை அட்டைகள், பூசிய டப்பாக்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். லேபல் கிழிந்த டப்பாவானாலும் பரவாயில்லை.