பொங்கல் பானையில் ஒரு புள்ளி



பொங்கலுக்குச் சித்தப்பா, அத்தை, பெரியம்மா குடும்பங்கள் எல்லாம் உங்கள் வீட்டுக்கு வரப்போகின்றன என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 21 பேர். அம்மாவோ வழக்கமாக 6 பேருக்குச் சர்க்கரைப் பொங்கல் வைப்பவர். “எவ்வளவு சாமான் வேண்டும் என்று நீயே கணக்குப் போட்டுச் சொல்” என்று உங்களிடம் பொறுப்பை ஒப்படைக்கிறார். பக்கத்தில் உங்கள் தங்கை நிற்கிறாள். ஐந்தாம் வகுப்பு; பள்ளியில் தசம எண்கள் நடந்துகொண்டிருக்கின்றன. கணக்கு என்றால் ஓடுகிறவள். வெல்லம் என்றால் ஓடமாட்டாள். அவளுக்குத் தசமம் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வேளை வாய்க்காது.

6 பேருக்கு அம்மா போடும் அளவு இது: பச்சரிசி 0.25 கிலோ, பாசிப்பருப்பு 0.05 கிலோ, வெல்லம் 0.4 கிலோ, நெய் 0.06 கிலோ, ஏலக்காய் 0.002 கிலோ. 21 ஐ 6 ஆல் வகுத்தால் 3.5. ஆகவே எல்லாவற்றையும் மூன்றரை மடங்கு ஆக்க வேண்டும். அரிசி 0.875, பருப்பு 0.175, வெல்லம் 1.4, நெய் 0.21, ஏலக்காய் 0.007 என்று வரும். பெருக்கலை நீங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது தங்கையிடம் ஒரு கேள்வி கேளுங்கள். “பருப்பு அதிகமா, நெய் அதிகமா?”

“பருப்புதான்!” என்று அவள் சொல்லக்கூடும். 175 ஐ விட 21 சிறியதல்லவா? சிரித்துவிடாதீர்கள். இது கவனக்குறைவு அல்ல. முழு எண்களில் இதுவரை அவளைக் கைவிடாத ஒரு விதியை இங்கேயும் நம்பியிருக்கிறாள்.

“நெய்” என்று சரியாகச் சொன்னாலும் உடனே பாராட்டிவிட வேண்டாம். புள்ளிக்குப் பின்னால் இலக்கங்கள் கூடக்கூட எண் சிறியதாகும் என்று நினைக்கும் குழந்தைகளும் உண்டு. ஆயிரத்தில் ஒரு பங்கு மிகச் சிறியது அல்லவா, அதிலிருந்து வந்த எண்ணம் அது. தவறான காரணத்தால் சரியான விடை! ஆகவே, “0.875 கிலோ அரிசி, 0.21 கிலோ நெய், இரண்டில் எது அதிகம்?” என்றும் கேளுங்கள். அதற்கும் “நெய்” என்றால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது? தசமத்தை நாம் பெரும்பாலும் பணத்தை வைத்தே சொல்லிக்கொடுக்கிறோம். 3.50 என்றால் மூன்று ரூபாய் ஐம்பது பைசா. குழந்தையின் காதில் விழுவது இரண்டு தனி முழு எண்கள். புள்ளி நடுவில் ஒரு வேலி. போதாக்குறைக்கு, 25 பைசாவும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூன் 30 முதல் செல்லாதவை ஆகிவிட்டன. பைசாவையே அதிகம் பார்த்திராத குழந்தைக்குப் பைசாவைக் காட்டிப் பாடம் நடத்தி என்ன பயன்? கடையிலுள்ள மின்னணுத் தராசும் முழுத் துணை ஆகாது. அது 0.175 என்றும் 0.210 என்றும் மூன்று இலக்கங்களாகவே காட்டும். தங்கை அவற்றை 175 கிராம், 210 கிராம் என்று படித்து, மறுபடி முழு எண்ணுக்கே ஓடிவிடுவாள்.

ஆகவே ஒரு கிலோ அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பத்துச் சம பங்காக்கிப் பத்துச் சிறு பைகளில் போடுங்கள். ஒரு பை 0.1 கிலோ. ஒரு பையை அவிழ்த்துப் பத்துப் பொட்டலம் கட்டச் சொல்லுங்கள். ஒரு பொட்டலம் 0.01 கிலோ. ஒரு பொட்டலத்தைப் பிரித்துத் தாளில் பத்துச் சிறு குவியலாக வைத்தால், ஒரு குவியல் 0.001 கிலோ. அதில் எத்தனை அரிசி இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு இது மிகவும் பிடிக்கும்.

இனி நெய்யின் எடைக்கு ஈடாக இரண்டு பை, ஒரு பொட்டலம் எடுத்து வையுங்கள். பருப்புக்கு ஒரு பை, ஏழு பொட்டலம், ஐந்து குவியல். எது அதிகம் என்று இப்போது நீங்கள் சொல்லவே வேண்டியதில்லை. பையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பைகள் சமமானால்தான் பொட்டலத்துக்குப் போக வேண்டும். 0.21 க்கும் 0.210 க்கும் வேறுபாடு இல்லை என்பதும் விளங்கிவிடும். குவியல் ஒன்றுமில்லை என்பதைத்தான் அந்தக் கடைசிப் பூஜ்யம் சொல்கிறது.

நடுவில் வரும் பூஜ்யம் அப்படிப்பட்டதல்ல. ஏலக்காய் 0.007, அதாவது ஏழு குவியல். தங்கை ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டு 0.07 என்று எழுதினால் ஏழு பொட்டலம் ஆகிவிடும். பத்து மடங்கு! கடையில் விலையைக் கேட்டு அப்பா திகைப்பார். பொங்கலையும் வாயில் வைக்க முடியாது. வெல்லம் 1.4 ஐ 1.04 என்று எழுதினால் 0.36 கிலோ குறைந்து, இனிப்பில்லாத பொங்கல்தான் கிடைக்கும்.

புரூஜ் நகரில் பிறந்த சைமன் ஸ்டெவின் என்பவர் 1585 இல் தசம பின்னங்களை விளக்கி டச்சு மொழியில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். வணிகர்களையும் நிலம் அளப்பவர்களையும் மனத்தில் வைத்து எழுதியது அது. அவர் புள்ளி வைக்கவில்லை. ஒவ்வோர் இலக்கத்துக்கும் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, அது எத்தனையாவது இடம் என்று குறித்தார். 0.875 இல் 8 க்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் 1, 7 க்கு 2, 5 க்கு 3. எழுதச் சிரமமான முறைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தங்கை நாலு நாள் இப்படி எழுதினால் பை, பொட்டலம், குவியல் மூன்றும் மனத்தில் நிற்கும்.

வீட்டில் எண்பதைக் கடந்த பாட்டி இருந்தால் அவரையும் கூப்பிடுங்கள். நம் நாட்டில் 1957 ஏப்ரல் 1 இல் ரூபாய்க்கு 100 நயா பைசா என்ற முறை வந்தது. அதற்கு முன்பு ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. எடையிலோ 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. 30 பலத்தை மூன்றரை மடங்காக்கினால் 105 பலம். அதை 2 வீசை 25 பலம் என்று மாற்ற வேண்டும். 40, 8, 16, 12 என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தாவல்! தசமத்தில் எல்லாத் தாவலும் பத்துதான். ஆனாலும் பாட்டியைக் குறைவாக எண்ணிவிடாதீர்கள். 0.875 ஐக் காட்டினால் “முக்காலே அரைக்கால்” என்பார். 0.75 உடன் 0.125 ஐக் கூட்டிப் பாருங்கள்.

சமைக்கும் நேரத்தைக் கணக்கிடும்போது மட்டும் தங்கையை எச்சரியுங்கள். 1.30 என்று நாம் எழுதும் ஒன்றரை மணி நேரம் தசமத்தில் 1.5. கிரிக்கெட்டில் 4.3 ஓவர் என்பதும் தசமம் அல்ல. இன்னும் 3 பந்து வீசினால் 5 ஓவர் ஆகிவிடும்.

கடைசியாக உங்களுக்கு ஒரு கணக்கு. 1.4 கிலோ வெல்லத்தில் ஒருவருக்கு வரும் பங்கு எவ்வளவு? 21 ஆல் வகுத்தால் 0.0666… என்று 6 முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும். 1.4/21 என்பதைச் சுருக்கினால் 1/15. பதினைந்தில் ஒரு 3 ஒளிந்திருக்கிறது. பத்துக்குள் இருப்பவை 2 உம் 5 உம்தான். சுருக்கிய பிறகு கீழே வேறு பகா எண் நின்றால் தசமம் முடியாது. பாட்டியின் கால், அரைக்கால், வீசம், மா எல்லாவற்றிலும் கீழே இருப்பவை 4, 8, 16, 20 என்பதால் அவை முடிந்துவிடுகின்றன. விருந்துக்கு 20 பேர் மட்டும் வந்தால் இந்தப் பங்கும் 0.07 என்று முடிந்துவிடும். அதற்காக அத்தையை வரவேண்டாம் என்று சொல்ல முடியுமா?