பழைய அம்பாஸடருக்கு டீசல் என்ஜின்: லாபமா, நஷ்டமா?

தகப்பனார் காலத்து அம்பாஸடர் காரை மாட்டுக்கொட்டகை ஓரமாக நிறுத்தி வைத்திருக்கும் விவசாயிகள் இன்றும் பலர் உள்ளனர். உரம் வாங்கவும், ஆஸ்பத்திரிக்குப் போகவும், கல்யாணம் காட்சிக்கும் வண்டி உதவுகிறது. ஆனால் பெட்ரோல் செலவு கட்டுப்படியாவதில்லை. “ஒரு டீசல் என்ஜினைத் தூக்கி வைத்துவிட்டால் என்ன?” என்ற யோசனை அப்பொழுதுதான் எழுகிறது. பக்கத்து ஊர்ப் பட்டறையிலும் “வைத்துவிடலாம்” என்றே சொல்வார்கள். வைத்துவிடலாம் என்பது உண்மைதான். வைக்கத் தகுமா என்பதே கேள்வி.

மேற்கு வங்காளத்தில் உத்தர்பாராவில் 1950-களின் கடைசியில் உற்பத்தியாகத் தொடங்கி, 2014 மே மாதத்தில் நின்றுபோன வண்டி இது. நெடுங்காலம் இதற்கு 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின்தான். 1980 வாக்கில் அதே அளவிலான டீசல் என்ஜின் கம்பெனியிலிருந்தே வந்தது. 1990-களில் இசுசு பெட்ரோல் என்ஜினும், பிறகு இசுசு டீசல் என்ஜினும் வந்தன. ஆனால் கம்பெனி டீசல் வண்டி வாங்கியவர்களைவிட, பெட்ரோல் வண்டியை வாங்கிப் பட்டறையில் மாட்டடார் வேனின் டீசல் என்ஜினை மாற்றிக்கொண்டவர்களைப் பற்றித்தான் ஊரில் அதிகம் பேசுவார்கள். அன்று டீசல் பெட்ரோலைவிட வெகுவாக மலிவு. வாடகைக் கார் ஓட்டியவர்களுக்குப் போட்ட பணம் விரைவில் திரும்பியது.

இன்று நிலைமை வேறு. பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010-லும், டீசல் விலைக் கட்டுப்பாடு 2014-லும் நீக்கப்பட்ட பின் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மிகவும் சுருங்கிவிட்டது. கணக்குக்காகப் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி, பெட்ரோலில் லிட்டருக்கு 9 கிலோமீட்டர் கொடுத்தால் 333 லிட்டர், அதாவது 33,300 ரூபாய். டீசலில் 13 கிலோமீட்டர் கொடுத்தால் 231 லிட்டர், ஏறத்தாழ 21,250 ரூபாய். மிச்சம் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம். என்ஜின், கியர் பெட்டி, கூலி, சில்லறைச் சாமான் எல்லாம் சேர்ந்து ஒரு லட்சம் ஆகிவிட்டால், போட்ட பணத்தை எடுக்கவே எட்டு ஆண்டுக்கு மேல் ஆகும். தினசரி ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குக் கணக்கு மாறும். வாரம் இரண்டு முறை சந்தைக்குப் போய்வருகிறவருக்கு மாறாது. அவரவர் ஓட்டத்தை வைத்து ஒரு தாளில் போட்டுப் பார்ப்பது நல்லது.

செலவு போகட்டும், வண்டி தாங்குமா என்று பார்ப்போம். கிணற்றடி ஆயில் என்ஜினைக் கையாண்டவர்களுக்கு டீசல் புதிதல்ல. காற்றை அழுத்தியே சூடாக்கி எண்ணெயைப் பற்றவைப்பதால், பெட்ரோல் என்ஜினில் ஏழெட்டு மடங்கு இருக்கும் அழுத்தம் இங்கே இருபது மடங்கு அளவுக்குப் போகிறது. அதைத் தாங்க பிளாக், கிராங்க் எல்லாம் கனமாகவே வார்க்கப்படுகின்றன. இந்தக் கனம் முழுவதும் முன் அச்சின் மேல் விழுகிறது. பழைய அம்பாஸடரின் முன் பக்கம் டார்ஷன் பார் எனப்படும் முறுக்குக் கம்பியால் தாங்கப்படுகிறது. என்ஜினை மட்டும் மாற்றி, கம்பியைச் சரிசெய்யாமல் விட்டால் மூக்கு தாழ்ந்து, ஸ்டியரிங் கனத்து, டயர் ஒரு பக்கமாகத் தேயும். பிரேக்கும் அதே கதை. கனம் கூடிய வண்டியை நிறுத்தப் பழைய டிரம் பிரேக்குக்குச் சிரமம். பவர் பிரேக் உள்ள பிந்திய மாடல்களில் இன்னொரு சங்கடமும் உண்டு. பெட்ரோல் என்ஜின் இழுக்கும் காற்றிலிருந்தே பிரேக்குக்கு வேண்டிய வாக்குவம் கிடைத்துவிடும். டீசல் என்ஜினில் அது கிடைக்காது. தனி வாக்குவம் பம்ப் வேண்டும். பட்டறையில் இதை மறந்துவிட்டால், காலி ரோட்டில் ஒன்றும் தெரியாது. பெண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலைப் பாதையில் இறங்கும்போது தெரியும்.

கியர் பெட்டியையும் கவனிக்க வேண்டும். டீசல் என்ஜின் மெதுவாகச் சுற்றி இழுப்பது. பெட்ரோலுக்கென்று அமைத்த கியரும் பின் அச்சும் அப்படியே இருந்தால், அறுபதைத் தாண்டுமுன்பே என்ஜின் கத்த ஆரம்பித்துவிடும். ஆகவே என்ஜினோடு சேர்ந்த கியர் பெட்டியையும் வாங்கி, புரொப்பெல்லர் ஷாஃப்டை லேத்தில் கொடுத்து நீளம் சரிசெய்து, சமன் பார்த்துப் போட வேண்டும். சமன் பாராத ஷாஃப்ட் பெட்டியின் பேரிங்கைத் தின்றுவிடும். பெரிய பேட்டரி, ஹீட்டர் பிளக்குக்குத் தடித்த ஒயர், மிஞ்சிய டீசல் டாங்குக்குத் திரும்ப ஒரு குழாய், அகலமான ரேடியேட்டர், அதிர்வைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் இவையும் தேவை. என்ஜினைக் காயலான் கடையில் மலிவாகப் பிடித்துவிடலாம். பணம் கரைவது இந்தச் சில்லறைகளில்தான்.

வட மாநிலங்களில் பம்ப் செட் என்ஜினை வைத்தே ஜுகாட் என்ற வண்டியை ஓட்டுகிறார்களே என்று சிலர் கேட்பதுண்டு. அந்த என்ஜின் ஒரே வேகத்தில், நிமிஷத்துக்கு 1,500 சுற்று என்ற கணக்கில் நின்ற இடத்தில் ஓடப் பிறந்தது. அது கிணற்றடியிலேயே இருக்கட்டும்.

இனிச் சட்டம். பலரும் கடைசியில் நினைப்பதை முதலில் நினைக்க வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் குறித்த அமைப்பிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிசெய்தது. அதே தயாரிப்பு, அதே வகை என்ஜினை முன் அனுமதியுடன் மாற்றுவதற்கு வழி உண்டு. அங்கீகரிக்கப்பட்ட கருவி கொண்டு காஸுக்கு மாற்றவும் வழி உண்டு. வேறு கம்பெனியின் டீசல் என்ஜினை வைத்துவிட்டுப் பிறகு ஆர்.சி. புத்தகத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று நம்பி இறங்கக்கூடாது. 2019 திருத்தத்தின்படி அனுமதியற்ற மாற்றத்துக்கு ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். அதைவிடப் பெரிய ஆபத்து இன்ஷூரன்ஸில். விபத்து நேர்ந்து, புத்தகத்தில் உள்ள என்ஜின் நம்பர் ஒன்று, வண்டியில் உள்ளது வேறொன்று என்று தெரிந்தால், கம்பெனி கையை விரிக்க இடம் கொடுத்ததாகும். நஷ்ட ஈடு நம் தலையில் விழுந்தால் காணி நிலம் மிஞ்சாது.

அப்படியானால் செய்யக்கூடியது என்ன? இருக்கிற என்ஜினையே புதுப்பிப்பது. போர் அடித்து, ஓவர்சைஸ் பிஸ்டனும் புது பேரிங்கும் போட்டால் பழைய 1489 சி.சி. என்ஜின் இன்னும் பல்லாண்டு உழைக்கும். அப்பொழுது சிலிண்டர் ஹெட்டைக் கழற்றும் சமயத்திலேயே இரண்டு வேலைகளை முடித்துக்கொள்ள வேண்டும். நாட்டில் 2000-ஆம் ஆண்டு முதல் ஈயமில்லாப் பெட்ரோல்தான் விற்கப்படுகிறது. பழைய ஹெட்டின் மிருதுவான வால்வு இருக்கைகள் இதில் மெல்லத் தேய்ந்து அமுங்கும். எக்ஸாஸ்ட் பக்கத்துக்குக் கடின எஃகு இருக்கை வளையங்களை லேத்தில் பதித்துவிடலாம். இரண்டாவது, இப்போது பெட்ரோலில் 20 சதம் எத்தனால் கலக்கப்படுகிறது. கரும்பு, மக்காச்சோளம் போடுகிறவர்களுக்கு இது நல்ல சேதி. பழைய காரின் ரப்பர் குழாய்களுக்கு நல்ல சேதியல்ல. ஊறி, வெடித்து, சூடான என்ஜின் மேல் சொட்டும். பெட்ரோல் பம்பின் டயஃப்ரம், கார்புரேட்டர் வாஷர், குழாய்கள் அனைத்தையும் எத்தனால் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்கி மாற்றிவிட வேண்டும். மைலேஜ் டீசல் அளவுக்கு வராது. ஆனால் கார்புரேட்டரையும் டைமிங்கையும் ஒழுங்காகச் சரிசெய்து, டயரில் காற்று குறையாமல் வைத்தாலே லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் தேறக்கூடும்.

ஏற்கனவே டீசலாக மாற்றிய அம்பாஸடர் ஒன்று மலிவாக வருகிறதென்றால், முன்பணம் கொடுக்குமுன் ஆர்.சி. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எரிபொருள் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பானெட்டைத் திறந்து பிளாக்கில் பொறித்துள்ள நம்பரைத் துணியால் துடைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பதிவு எதுவரை செல்லும், 15 ஆண்டுக்குப் பிந்திய புதுப்பிப்பும் பசுமை வரியும் கட்டியாயிற்றா என்பதையும் கேளுங்கள். நம்பர் ஒத்துவராவிட்டால், அல்லது அந்த இடத்தில் அரம் போட்ட அடையாளம் தெரிந்தால், விலை எவ்வளவு இறங்கினாலும் அந்த வண்டி வேண்டாம்.