பிரஷர் இறங்கினாலும் ஓயாத ஹார்மோன்

ஆஞ்சியோடென்சின்-2 எட்டே அமினோ அமிலங்கள் கோத்த துணுக்கு. ரத்த அழுத்தத்தை ஏற்றுவது என்று பெயரெடுத்த இந்த ஹார்மோனின் பெரிய சேட்டை அதுவல்ல என்பது என் கட்சி.

ரத்தக்குழாய்ச் சுவரின் தசைச் செல்லின் மேற்பரப்பில் ஏடி-1 என்ற ஏற்பி இருக்கிறது. ஹார்மோன் அதில் வந்து உட்கார்ந்ததும், உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஜி-புரதம் விழித்துக்கொண்டு ஒரு நொதியை உசுப்பும். நொதி, சவ்விலுள்ள கொழுப்பை வெட்டி ஐபி-3 என்ற துண்டை உதிர்க்கும். அது போய், செல் பதுக்கி வைத்திருக்கும் கால்சியத்தைத் திறந்துவிடும். தசை இறுகும், குழாய் ஒடுங்கும், பிரஷர் எகிறும். எல்லாம் நொடிக் கணக்கு.

இதுவரை நடந்ததை பி.பி. மிஷின் காட்டிவிடும். இதயத்திலும் உள்ள அதே ஏற்பியிலிருந்து செல்லின் கருவுக்கு 'வளர்' என்று தனியாக ஓர் உத்தரவும் போகிறதே, அதை எந்த மிஷின் காட்டும்? இதயத் தசைச் செல்கள் தடிக்கின்றன. அக்கம்பக்கத்து நார்ச்செல்கள் கொலாஜனைச் சுரந்து இதயத்தை விறைக்க வைக்கின்றன. வருஷக்கணக்கில் நடக்கும், வலிக்காது. போதாததற்கு, இதயச் செல்லை இழுத்து நீட்டினாலே, ஹார்மோன் இல்லாமலேயே ஏடி-1 முடுக்கிக்கொள்ளும் என்று 2004-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இதயத்தின் இடது கீழறை தடித்துப்போன ஒன்பதாயிரத்துக்கும் அதிகமானவர்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2002-ல் வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு ஏடி-1-ஐ அடைக்கும் லோசார்ட்டான், மறுபாதிக்கு வேறொரு பிரஷர் மாத்திரையான அட்டெனோலால். பிரஷர் இரு தரப்புக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான் இறங்கியது. ஆனால் லோசார்ட்டான் தரப்பில் பக்கவாதம் சுமார் 25 சதவீதம் குறைவு. இதயத் தடிப்பும் கூடுதலாக வடிந்தது.

"நூத்தியிருபதுக்கு எண்பது வந்தாச்சு, இன்னும் எதுக்கு சார் மாத்திரை?" என்று தானாக நிறுத்திவிடுகிறவர்களை நினைத்தால்தான் பகீரென்கிறது. உப்பைக் குறைத்து, நடந்து, எடை இறக்கினால் மாத்திரையே வேண்டாம் என்பாரும் உண்டு. சிலருக்கு அது பலிக்கும். அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

சிலர் வறட்டு இருமல் தாளாமல் நிறுத்துகிறார்கள். அது 'பிரில்' என்று முடியும் பிரஷர் மாத்திரைகளின் தொல்லை (அவற்றின் மூதாதை பிரேசில் விரியனின் விஷம் என்பது தனிக்கதை). 'சார்ட்டான்' வகையில் அந்த இருமல் அபூர்வம். கர்ப்பிணிகளுக்கு இரண்டுமே ஆகாது. மற்றவர்கள் இருமலைச் சொன்னால் டாக்டரே மாற்றி எழுதித் தருவார்.