நடுவர் விரலை நம்பலாமா?

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர்களே! 365 படி ஏறி முருகனைக் கும்பிட்டு, இறங்கி வந்து எங்களையும் சகித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற திருத்தணிப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

எதிரணிப் பேராசிரியர் அடித்துச் சொல்லிவிட்டுப் போனார்: லீக் ஆட்டமெல்லாம் முன்னாடியே எழுதிவெச்ச நாடகமாம், அம்பயர் அதிலே வேஷம் கட்டுகிறவராம். அம்பயர்மேல் சந்தேகம் இன்னிக்கா ஐயா வந்தது? மாம்பழப் போட்டியிலே என்ன நடந்தது? ஒருத்தர் உலகத்தைச் சுத்தினார். இன்னொருத்தர் நடுவர்களையே சுத்தினார். பழம் யாருக்குப் போச்சு? (சிரிப்பு) கோவிச்சுக்கிட்டுப் போய் நின்றது பழனி. சினம் தணிந்து நின்றது இந்தத் தணிகை. இந்த வழக்கைப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் ஏது?

சேப்பாக்கத்துக்கு வாங்க. 1986 செப்டம்பர் 22. இந்தியா - ஆஸ்திரேலியா டெஸ்ட், கடைசி நாள், கடைசி ஓவர். நமக்கு வேண்டியது 348. எடுத்தாச்சு 347. மிச்சம் ஒரு விக்கெட், இரண்டு பந்து. எதிர்முனையிலே 48 ஓட்டத்தோடு ரவி சாஸ்திரி தவிக்கிறார். கிரெக் மேத்யூஸ் பந்து மணிந்தர் சிங் காலிலே பட்டது. விரலைத் தூக்கிட்டார் நடுவர் விக்ரம்ராஜு. எல்.பி.டபிள்யூ! ஆட்டம் 'டை'. டெஸ்ட் வரலாற்றிலேயே அது இரண்டாவது டை. முதலில் மட்டையில் பட்டதுன்னு மணிந்தர் சொன்னார். பட்டதோ படலையோ, நான் கேட்கிறது வேற. விக்ரம்ராஜு யாரு? இந்தியர். அரங்கம் யாருது? நம்மது. விரலை மடக்கியே வெச்சிருந்தா இங்கே யார் கேட்டிருப்பா? தூக்கினாரே ஐயா! (கைதட்டல்) அதற்குப் பிறகு அவர் ஒரு டெஸ்டிலேகூட நடுவராக நிற்கவில்லை. அந்த மனிதரை நினைக்காமல் நடுவர்களை ஏச எனக்கு மனசு வரலை.

எந்த ஊர் ஆட்டமோ அந்த ஊர் அம்பயர் என்கிற வழக்கம் சந்தேகத்தை வளர்த்தது உண்மை. 1987இல் பைசலாபாத்தில் இங்கிலாந்துத் தலைவர் மைக் கேட்டிங்கும் பாகிஸ்தான் நடுவர் ஷகூர் ராணாவும் மைதானத்திலேயே சண்டை போட்டு, ஒரு நாள் ஆட்டமே நடக்கலை. வெளியாள் வேணும்னு அப்புறம்தான் வலுவாகப் பேசினார்கள். திருத்தணிக்காரங்களுக்கு இது புதுசா? ம.பொ.சி. போராடி, ஆந்திராவா சென்னையா என்று இந்த ஊரே இழுபறியில் கிடந்தபோது, எல்லைத் தகராறைத் தீர்க்க வந்த படாஸ்கர் தமிழருமில்லை, தெலுங்கருமில்லை. 1960 ஏப்ரல் 1இல் ஊர் இந்தப் பக்கம் வந்தது. கிரிக்கெட்டும் அந்த வழிக்கு வந்தது: டெஸ்டிலே 1994 முதல் ஒரு நடுவர், 2002 முதல் இருவருமே வெளிநாட்டார்.

தப்பு நின்னுதா? 2008 சிட்னி டெஸ்டிலே ஆண்ட்ரூ சைமண்ட்ஸ் 30 ஓட்டத்திலே மட்டையில் உரசவிட்டுப் பிடிபட்டார். ஜமைக்காக்காரர் ஸ்டீவ் பக்னர் அவுட் தரவில்லை. சைமண்ட்ஸ் 162! பக்னருக்கு ஆஸ்திரேலியர் மாமனா, மச்சானா? பக்கச்சார்பு இல்லாமலே பிழை வரும். சதி இல்லாமலே பக்கச்சார்பும் வரும். கூட்டம் போடுகிற சத்தம் போதும். 2020இல் கொரோனாவால் ஆளில்லா அரங்கில் ஐரோப்பாவிலே கால்பந்து ஆடினார்கள். வெளியூர் அணிக்கு நீட்டுகிற மஞ்சள் அட்டை குறைந்துபோனது!

காசுக்கு விலைபோனவர் இல்லையா? உண்டு. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீகிலே டிம் டோனகி தான் நடுவராக நின்ற ஆட்டங்கள் மேலேயே சூதாடினார். 2008இல் 15 மாதச் சிறைத் தண்டனை. 2013 ஐ.பி.எல். சமயத்திலே புக்கிகளிடம் பரிசு வாங்கினாருன்னு ஆசாத் ரவுஃபுக்கு நம்ம வாரியம் 2016இல் 5 வருஷம் தடை போட்டது. இரண்டிலும் ஆளை வளைத்தது சூது. லீக் தானே கதை எழுதிக் கொடுத்ததாக எங்கே இருக்கிறது, எதிரணியார் காட்டட்டும்.

2019 ஐ.பி.எல்.லிலே பெங்களூருக்கு எதிராக மலிங்கா போட்ட கடைசிப் பந்து நோ-பால். நடுவர் கவனிக்கலை; கோலி கொதித்தார். மறுவருஷமே கால் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்க்கிற வேலையை மூன்றாவது நடுவரின் திரைக்கு மாத்திட்டாங்க. ஏமாத்த நினைக்கிறவன் சாவியைக் கேமராகிட்டயா கொடுப்பான்?

மணி அடிச்சுட்டீங்க, நடுவர் அவர்களே. அடுத்து வருகிறவர் கேமராவையும் விலைக்கு வாங்கிட்டாங்கன்னு சொல்லப்போறார். கேட்போம்.